மாலையில் மட்டும் பிழைத்தவை

எங்கள் ஊரில் ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தம். ஃபேன் ரிப்பேர், பஸ் ரிப்பேர், கோயில் கடிகாரம் ரிப்பேர். சரிசெய்வதற்கும் அந்த வார்த்தைதான் என்பது இங்கிலீஷ் படித்தவர்களின் பிடிவாதம். அதனால் நான் டி.என்.ஏ. ரிப்பேரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று அம்மா ஸ்ரீரங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டவர்கள் எல்லோரும் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டார்கள். "அடப்பாவமே, எப்போலேர்ந்து?" என்று உத்தர வீதி மாமி ஒருத்தி விசாரித்தாளாம். "அது எல்லாருக்கும் பொறந்ததுலேர்ந்தே இருக்காம்" என்று அம்மா சமாளித்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு தப்பான பதில் இல்லை.

செல்லுக்குள் இருக்கும் அந்த நீளமான இழை தினமும் அடிபடுகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சேதப்படுத்துகிறது. உயிரோடு இருப்பதற்காக நாம் இழுக்கும் ஆக்ஸிஜனே உள்ளே போய் வேறு உருவம் எடுத்து அதை அரிக்கிறது. செல்லும் சும்மா இருப்பதில்லை. கெட்ட இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக இழை போட்டு ஒட்டிவிடுகிறது. இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கல்யாணத்துக்கு முன்பே திருச்சியில் ஒரு கல்லூரியில் ஃபெலோஷிப் கிடைத்து ஆரம்பித்துவிட்டேன். கல்யாணமான பிறகும் விடவில்லை.

கல்யாணமாகிப் பாலக்கரையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அவருக்கு விவசாயத் துறையில் உத்தியோகம். ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்புவார். எங்கள் மாடிப்படியில் பகலிலேயே இருட்டு. அதனால் விளக்கு வைக்கிற நேரமானால் நான் படிக்கு மேலே இருந்த ட்யூப்லைட்டைப் போட்டு, கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பிறந்த வீட்டில் சாயங்கால விளக்கு ஏற்றுவது என் பொறுப்பாக இருந்தது. அந்தப் பழக்கம். ஒருநாள் அவர் சீக்கிரம் வந்து இதைப் பார்த்துவிட்டார். "என்னடி இது, ட்யூப்லைட்டையுமா சேவிக்கறே? பெருமாளுக்குப் போட்டியா எலக்ட்ரிசிட்டி போர்டா?" என்று அதற்கப்புறம் ஓயாமல் கிண்டல். விளக்கைப் போட்டுவிட்டுப் படி ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் வரும். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

எழுபதுகள் முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீயபுரம் தாண்டி, வாழைத்தார் ஏற்றிய லாரி. அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நான் அழவில்லை. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை, அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். "ஏண்டி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடப்படாதா, நெஞ்சுலயே அடைச்சுண்டா என்னத்துக்காகும்" என்று அம்மா எனக்கும் சேர்த்து அழுதாள். துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். அவர் செத்துப்போனார் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. திருவடி சேர்ந்துட்டார், ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார், பரமபதிச்சுட்டார். ஸ்ரீரங்கத்தில் யாரும் சாவதில்லை, எல்லோரும் எங்கேயோ போய்ச் சேருகிறார்கள். எனக்கும் அவர் எங்கேயோ போயிருக்கிறார் என்றுதான் இருந்தது.

பாலக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கே வந்தேன். அப்பா இருந்ததால், சுமங்கலியான அம்மாதான் சாயங்கால விளக்கை ஏற்றுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்தால் அந்த நேரத்துக்குச் சரியாக, "கொல்லையில துணி காஞ்சிருக்கும், எடுத்துண்டு வாயேன்" என்பாள். துணி ஏதும் காயாத மழைக்காலத்திலும் அப்படித்தான். விளக்கு ஏற்றும்போது என் முகம் எதிரில் இருக்கக் கூடாது. அதை என்னிடம் நேராகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை, பயந்தவள். நான் கொல்லைக்குப் போய்க் காலிக் கொடியைப் பார்த்துவிட்டு வருவேன்.

மற்ற நாட்களில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய்விடுவேன். எனக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டி, ஒரு மங்கலான மஞ்சள் பல்பு மட்டும் எரியும். பாக்டீரியாவைப் புற ஊதா விளக்கின் அடியில் காட்டினால் பெரும்பாலும் செத்துப்போகும். தப்பித்தவற்றைத் தட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைத்தால், மறுநாள் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளியாக முளைத்திருக்கும். அவற்றை எண்ண வேண்டும். இதில் ஒரே ஒரு நிபந்தனை. அடிபட்ட பாக்டீரியாவின் மேல் சாதாரண வெளிச்சம் பட்டுவிடக் கூடாது. வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பழுதைச் சரிபார்க்கிற நொதி ஒன்று அதனிடம் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் ட்யூப்லைட் எரிந்தால் போதும், சாக வேண்டியதில் நிறைய எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் இருட்டறையும் மஞ்சள் பல்பும். சுவரில் ட்யூப்லைட் ஒன்று இருந்தது. அது அறையைப் பெருக்குவதற்கு மட்டும்.

என் கேள்வி இதுதான். பாக்டீரியாவுக்கு முதலில் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுத்து லேசாகக் காயப்படுத்திவிட்டால், பிறகு விழுகிற பெரிய அடியை அது தாங்குமா? அடிபட்டவர்களுக்குத் தாங்கும் சக்தி தானாக வரும் என்று ஊரே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த சமயம். நான் அதை பாக்டீரியாவிடம் கேட்டேன்.

தாங்கும் என்று பதில் வந்தது. பெராக்சைடு கொடுக்காதவற்றைப் பிற்பகலில் முடித்துவிடுவேன். அவற்றின் தட்டில் ஏதோ அங்கொன்றும் இங்கொன்றும் முளைத்திருக்கும். பெராக்சைடு கொடுத்தவற்றுக்கு ஊறவைக்க, கழுவ என்று நேரம் பிடிக்கும். அவை விளக்கின் அடியிலிருந்து வந்து, தம்மைத் தாமே சரிசெய்துகொள்ள இருட்டில் காத்திருக்கும்போது சாயங்காலமாகிவிடும். அவற்றின் தட்டுகள் மறுநாள் கொத்துக்கொத்தாக நிறைந்திருக்கும். ஒருதடவை இல்லை, செய்த ஒவ்வொரு தடவையும்.

என் கைடு பாலக்கரை மாதா கோயிலுக்குத் தவறாமல் பூசைக்குப் போகிறவர், லேசில் சிரிக்காதவர். அவரே தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "நல்லா இருக்கும்மா. இது மட்டும் நிலைச்சு நின்னுடுச்சுன்னா உங்க ஃபெலோஷிப்ப நீட்டிக்க நானே போய் நிக்கிறேன்" என்றார்.

நீட்டிப்பு எனக்கு வேண்டியிருந்தது. பம்பாயில் அண்ணாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. மன்னி வேலைக்குப் போகிறவள். ஃபெலோஷிப் முடிந்ததும் நான் அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். "உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று அண்ணா ஃபோனில் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எதுவுமே வேண்டும் என்று தோன்றாத அந்தக் காலத்தில், இது மட்டும் வேண்டாம் என்று தோன்றியது. அந்த அறையும் அந்தத் தட்டுகளும் இருந்தால் போதும். செத்துப்போக வேண்டியவை எழுந்து வருவதைத் தினமும் காலையில் போய்ப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ் ஏற அது போதுமானதாக இருந்தது.

நீட்டிப்புக்கு எழுதும் முன்பு, எதற்கும் இருக்கட்டும் என்று நேரத்தை மாற்றிச் செய்யச் சொன்னார் கைடு. பெராக்சைடு கொடுத்தவற்றைக் காலையில் முடித்தேன். மறுநாள் தட்டுகள் கிட்டத்தட்டக் காலி. கொடுக்காதவற்றைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். அவை நிறைந்து வழிந்தன.

அதாவது பெராக்சைடுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாயங்காலம் செய்தால் பிழைக்கிறது, காலையில் செய்தால் சாகிறது. "என்னம்மா இது, பொழுது சாஞ்சா உயிர்த்தெழுதா? எனக்குத் தெரிஞ்சு அது ஒருத்தருக்குத்தான் நடந்துருக்கு" என்றார் கைடு. அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வோல்டேஜ் மேல் சந்தேகப்பட்டோம். சாயங்காலமானால் ஊரே விளக்கைப் போடும், கரண்ட் இறங்கும், புற ஊதா விளக்கு மங்கும், பாக்டீரியா பிழைக்கும். காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். அப்படியும் பிழைத்தன. தண்ணீர் மேல் சந்தேகப்பட்டோம், கழுவிய பாத்திரங்களின் மேல் சந்தேகப்பட்டோம். தொட்டியில் குளோரின் போடுகிற நேரத்தைக் கூட விசாரித்தேன். என் மேல் மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. நான் அவ்வளவு ஒழுங்கு. சிரிக்கமாட்டேன், பேசமாட்டேன், கை நடுங்காது. துக்கம் ஆராய்ச்சிக்கு நல்லது என்று கைடு யாரிடமோ சொன்னதாகக் கேள்வி.

பக்கத்து அறையில் ஒரு கன்னியாஸ்திரி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னைவிடச் சில வயது பெரியவர். லால்குடிப் பக்கத்துக்காரர். வெள்ளை அங்கிமேல் லேப் கோட் போட்டுக்கொண்டு, பூஞ்சைக் காளான்களைக் குழந்தைகளைப் போலக் கொஞ்சுவார். மூவேளை செபத்தில் சாயங்கால வேளைக்கு மணியடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு சேப்பலுக்குப் போய்விடுவார். ஒருநாள் என் கதையைக் கேட்டுவிட்டு, "சாயங்காலத்துலதான் நீங்க லைட்டப் போட்டுடறீங்களே" என்றார், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல.

"எந்த லைட்டை?"

"ட்யூப்லைட்டத்தான். மணியடிச்சு நான் வராந்தாவுல திரும்புறப்போ உங்க கதவுக்கு மேல இருக்கிற கண்ணாடியில கறுப்புக் காகித ஓரமா வெளிச்சம் வரும். தெனமும் பாக்கிறேனே. வேலை முடிஞ்சிடுச்சு போலன்னு நெனச்சுக்குவேன். செபம் முடிஞ்சு வர்றப்போ பாத்தா அணைஞ்சிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த கோபம். "சிஸ்டர், நான் என்ன முட்டாளா? வெளிச்சம் படக் கூடாதுங்கறதுதான் என் வேலையே. அடுப்புக்குப் பக்கத்துல யாராவது ஐஸ் வெப்பாளா? நீங்க வேற ரூமைப் பார்த்திருப்பேள்" என்று சத்தம் போட்டேன். அவர் என் அறைக்குள் வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, ட்யூப்லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் பாத்தது தப்பாவே இருக்கட்டும். இன்னைக்கு இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கும் வழக்கம்போல வேலை செய்தேன். பாக்டீரியாவைப் புற ஊதா விளக்கின் அடியில் காட்டி எடுத்து, மூடாத கண்ணாடித் தட்டில் இருட்டில் வைத்தேன். மஞ்சள் பல்பு எரிந்தது. மணியடித்தது. பக்கத்து அறைக் கதவு சாத்துகிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன.

அப்புறம் டக் என்று சுவிட்ச் சத்தம் கேட்டது.

விளக்கு எரியவில்லை. எரியாததால்தான் எனக்குத் தெரிந்தது. நான் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். என் இரண்டு கையும் கூப்பியிருந்தது. எரியாத ட்யூப்லைட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஸ்டூலிலிருந்து எப்போது எழுந்தேன், எப்படி அங்கே போனேன் என்று எதுவும் ஞாபகமில்லை. வழக்கமாக அது எரிந்துவிடும். கை கண்ணுக்குப் போய்த் திரும்பிவிடும். அதில் தட்டுப்படுவதற்கு எனக்கு எதுவும் இருந்திருக்காது.

போட்டது சரி. ஆனால் சிஸ்டர் செபம் முடிந்து வருகிறவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வெளிச்சத்தில் வேலை செய்திருக்க மாட்டேன், அதை என் உடம்பு அனுமதிக்காது. சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. கதவைப் பார்த்து, ஒருக்களித்து, பாலக்கரைப் படி ஓரத்தில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன். என் காது ரோட்டுப் பக்கம் இருந்தது. ஸ்கூட்டர் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் அதைத்தான் செய்திருக்கிறேன். விளக்கைப் போட்டுவிட்டு, அவர் வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்து, நேரம் தாண்டியதும் அணைத்துவிட்டு எழுந்து மீதி வேலையைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் நானே. எதிரில் தட்டில் இருந்த பாக்டீரியா அந்த நேரத்தை வீணாக்காமல் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது.

எழுந்து தட்டுகளில் பரப்பினேன், இன்குபேட்டரில் வைத்தேன், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். அம்மா தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

மறுநாள் பகலெல்லாம் இன்குபேட்டர் பக்கமே போகவில்லை. காலையில் முதல் வேலையாகத் தட்டைப் பார்க்கிறவள், அன்று பாத்திரங்களைக் கழுவினேன், அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், தேவையில்லாத மருந்துகளுக்கெல்லாம் பெயர் ஒட்டினேன். கைடு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போனார். பொழுது சாய்கிற நேரத்தில்தான் கதவைத் திறந்து தட்டுகளை எடுத்தேன்.

காலி. எப்போதும் நிறைந்திருக்கும் அந்தத் தட்டுகளில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று, ஊற்றிய அன்று இருந்தது போலவே இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி மஞ்சள் பல்பில் பார்த்தேன். ஏதாவது ஒன்று இருக்கும் என்று ஓரமெல்லாம் தேடினேன். எதுவும் பிழைக்கவில்லை. செத்தது செத்ததுதான்.

ஃபெலோஷிப் என்ன ஆனது என்றால், நீட்டித்தார்கள். கைடிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். பெராக்சைடு கதையைக் கைவிட்டோம். ஆனால் ஒரு சாதாரண ட்யூப்லைட் எத்தனை நேரத்தில் எவ்வளவு பழுதைச் சரிசெய்யும் என்பதற்கு, யாரும் திட்டமிடாமலே என்னிடம் தட்டுதட்டாகக் கணக்கு இருந்தது. அதை முறைப்படி மறுபடி செய்து அதிலேயே பட்டம் வாங்கினேன். அண்ணா பம்பாயிலேயே ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டார். பிறகு வெவ்வேறு ஊர்களில் ரிப்பேர் வேலையே என் பிழைப்பானது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் எனக்கு ஃபெலோஷிப்பும் தெரியவில்லை, பம்பாயும் தெரியவில்லை. காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அழத் தெரியாதவள் அழுவது பார்க்கச் சகிக்காது. மூக்கு ஒழுக, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வர, அடித் தொண்டையில் அவரைக் கூப்பிட்டு அழுதேன். வலித்தது. ஊசி மருந்து இறங்கின பிறகுதான் பல் பிடுங்கின இடம் வலிக்கும், அந்த மாதிரி வலித்தது. மணியடித்தது. பக்கத்து அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் சேப்பல் பக்கம் போகாமல் என் பக்கம் வந்தது.

சிஸ்டர் உள்ளே வந்தார். மடியில் இருந்த தட்டைப் பார்த்தார். பையிலிருந்து ஸ்டார்ட்டரை எடுத்து, ஸ்டூலில் ஏறித் திருகி மாட்டி, சுவிட்சைப் போட்டார். இரண்டு மூன்று தடவை சிமிட்டிவிட்டு விளக்கு எரிந்தது.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இருட்டுல உக்காந்து அழக் கூடாதுங்க" என்றார்.

அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. என் கை தன்பாட்டுக்கு எழுந்து கூப்பிக்கொண்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது. கை முழுக்க ஈரமானது. இந்தத் தடவை அது எழுந்தது எனக்குத் தெரிந்தது. சிஸ்டர் என் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கீழே ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்தது, வேகம் குறைந்தது, பிறகு தாண்டிப் போய்விட்டது.

"போயிட்டு வரேன்னுதான் சொன்னார், சிஸ்டர்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வர மாட்டாருங்க" என்றார்.